பச்சைப் பட்டனில் வைத்த சந்தனம்

குரும்பாபேட்,
புதுச்சேரி.
12-2-2004

அன்பு மச்சான் சந்திரமோகனுக்கு,

முருகையன் எழுதுறேன். மூணாங்கிளாஸ் கையெழுத்து, பாத்துப் படிச்சிக்க. போன்ல பேசலாம்னா கம்பெனி போன் மொதலாளி ரூம்ல இருக்குது. அவுரு எதுர்ல நின்னுக்கினு கத பேச முடியுமா? பூத்துல பேசுனா, நல்லா இருக்கியான்னு கேக்கறதுக்குள்ள மீட்டர் ஓடிப் போயிடுது. லெட்டர்னா எடம் இருக்கற வரைக்கும் எழுதலாம். ஓரத்துலயும் எழுதலாம்.

இங்க நானும் உன் தங்கச்சி பாக்கியமும் நல்லா இருக்கறோம். ஊட்ல வீட்டம்மா, பூர்ணிமா குட்டி எல்லாம் சௌக்கியமா? மண்ணாங்கட்டி மாமா ஒரு மாடு வாங்கி இருக்காரு. அது காத்தால அவுத்து விட்டா நேரா மூணு ஊட்டு வாசல்ல நின்னு கஞ்சித்தண்ணி குடிச்சிட்டு சாயங்காலம் அவரு ஊட்டுக்கு வந்து பாலு குடுக்குது. இந்தாளு தீவனத்துக்குப் பைசா செலவு பண்றதில்ல. கேட்டா, "நான் இன்னாடா பண்றது, அதுக்கு ஊர்ல செல்வாக்கு"ன்றாரு. பாக்கியம் சிரிச்சி சிரிச்சி கண்ணுல தண்ணி வந்துட்டுது.

சரி, விஷயத்துக்கு வரேன். இங்க புதுச்சேரி மேட்டுப்பாளையத்துல எங்க மூடி கம்பெனில மூணு பிரஸ் இருக்குது இல்ல, அலுமினியத் தகட்ட வெச்சா டபரா மூடி அடிச்சிக் குடுக்குமே, அதுக்கு இருந்த பழைய ரிலே பேனல் மழைல நனைஞ்சி கருகிட்டுது. உன் கம்பெனில இருந்து ரெண்டு மாதிரி பி.எல்.சி.க்கு வெல போட்டு அனுப்புனியாமே. ராஜாங்கம் மொதலாளி என்னக் கூப்ட்டு, "முருகையா, உங்க ஊர்க்கார இன்ஜினியரு ரெண்டு சாமான் எழுதி இருக்காரு. ஒண்ணு குட்டியாட்டம், ஒண்ணு தாயாட்டம். எது எதுக்கு? வெலய நான் பாத்துக்கறேன், விஷயத்த நீ கேட்டு எழுது"ன்னாரு. ஷிப்டு பாக்கறவன் நான். எனக்கு ஸ்பானர் தெரியும். இது தெரியாது. எனக்குப் புரியறாப்பல எழுது. ரெண்டாவது பிரஸ்ல பாக்கியம்தான் ஒக்காந்துக்கினு இருக்கா, அதையும் மனசுல வெச்சிக்க.

அடுத்த தடவ வந்தா எங்க ஊட்லதான் சாப்பாடுன்னு பாக்கியம் சொல்லச் சொன்னா.

உன் மாப்ள,
முருகையன்


கோயம்புத்தூர்
20-2-2004

அன்பு மாப்பிள்ளைக்கு,

கடிதத்தை அலுவலகத்தில் வைத்தே படித்தேன். மண்ணாங்கட்டி மாமாவின் மாட்டை நினைத்துச் சிரித்ததில் பக்கத்து மேசைக்காரர் என்னவென்று கேட்டார். சொன்னேன். அவருக்குப் புரியவில்லை.

நீ கேட்டதைச் சொல்கிறேன். பி.எல்.சி. என்பது உங்கள் பழைய ரிலே பேனல் செய்த வேலையைச் செய்கிற ஒரு சின்னக் கணினி. பட்டனை அமுக்கினால் அதற்குத் தெரியும். உள்ளே நாங்கள் எழுதி வைத்ததைப் பார்த்து, பிரஸ்ஸை இறக்கலாமா கூடாதா என்று முடிவு செய்யும்.

குட்டி என்று மொதலாளி சொன்னது ஒரே டப்பாவில் எல்லாம் அடங்கியது. விலை குறைவு, இடம் அடைக்காது. தண்ணீர் மோட்டார், பெல்ட் ஓட்டுவது போன்ற வேலைக்கு அதுவே தாராளம். தாய் என்று சொன்னது, அலமாரியில் தட்டுத் தட்டாகச் செருகுவதுபோல வேண்டிய அட்டைகளைச் செருகிக்கொள்ளும் வகை. அதில் பாதுகாப்புக்கென்றே ஓர் அட்டை சேர்த்திருக்கிறேன். அதற்கு இரண்டு மூளை. இரண்டும் தனித்தனியாகப் பட்டனைப் பார்க்கும். இரண்டும் ஒரே பதிலைச் சொன்னால்தான் பிரஸ் இறங்கும். ஒன்று சந்தேகப்பட்டாலும் நின்றுவிடும்.

உங்கள் பிரஸ்ஸில் ஆளுக்கு இரண்டு பச்சைப் பட்டன். இரண்டு கையும் பட்டனில் இருந்தால்தான் இறங்க வேண்டும். அப்போதுதான் எந்தக் கையும் உள்ளே இருக்காது. அதற்காகத்தானே இரண்டு வைத்தார்கள்? ஒரு பட்டன் எதனாலோ உள்ளேயே மாட்டிக்கொண்டால், குட்டிக்கு அது கை என்றே தோன்றும். பாதுகாப்பு அட்டை ஏமாறாது. போன முறை அடித்த பிறகு இந்தப் பட்டன் வெளியே வந்ததா என்று பார்க்கும். வரவில்லை என்றால் அசையாது.

கை போய் வருகிற இடத்துக்குத் தாய் வகைதான் மாப்பிள்ளை. விலை ஏறக்குறைய இரட்டிப்பு. நீ பக்கத்திலிருந்து எடுத்துச் சொல். பாக்கியத்துக்கு என் அன்பு. சாப்பாட்டுக்குக் கட்டாயம் வருவேன்.

சந்திரமோகன்


குரும்பாபேட்
9-3-2004

அன்பு மச்சானுக்கு,

லெட்டர மொதலாளிகிட்ட எடுத்துக்கினு போனேன். ரெட்டியார்பாளையத்துல அவரு ஊட்டுக்கே போனேன், ஞாயித்துக்கெழம. அங்க அவரு அப்பாரு ஒக்காந்துக்கினு இருந்தாரு. பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து பென்சன் வாங்குற சொல்தா. இந்த வயசுலயும் தொப்பி சாய்ச்சிதான் போட்டுக்கறாரு. எனக்குக் காப்பி குடுத்து, சைகோன்ல அவரு ஒரு பாலம் கட்டுன கதய ஆரம்பிச்சாரு. பாலம் கட்டி முடிக்கறதுக்குள்ள வெயில் உச்சிக்கு வந்துட்டுது. அப்புறம்தான் நான் வாயத் தொறந்தேன்.

மொதலாளி கேட்டாரு. "மூடி அடிக்கற மிஷினுக்கு ரெண்டு மூளையா? ஒரே மூளய வெச்சிக்கினு நான் கம்பெனியே நடத்தலையா?"ன்னாரு.

சொல்தா தொப்பியக் கழட்டிட்டு, "அந்த ஒண்ணும் உங்கம்மாவோடதுடா"ன்னாரு.

எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். சிரிப்புலயே விஷயம் முடிஞ்சி போச்சி மச்சான். "இத்தன வருசமா ரிலேல ஓடலயா, எவ கையாவது போச்சா? குட்டியே போதும். உங்க ஆளு குட்டி குடுப்பாரா, இல்ல நான் வேற கம்பெனியப் பாக்கட்டா?"ன்னாரு.

வேற எவனாவது வந்து மாட்டிட்டுப் போறதுக்கு நீ மாட்டுறது மேல்னு எனக்குத் தோணுது. நீ செஞ்சா ஒரு அக்கறையோட செய்வ. அந்தக் குட்டிலயே முடிஞ்ச வரைக்கும் பத்திரம் பண்ணிக் குடேன். ராத்திரி பாக்கியத்துகிட்ட ரெண்டு மூளக் கதயச் சொல்லலாம்னு பாத்தேன். அப்புறம் சொல்லல. கெடைக்காத சாமானப் பத்தி எதுக்குச் சொல்லிக்கினு. அண்ணன் வந்து மாட்டப் போறாருன்னு மட்டும் சொன்னேன். "அப்ப மிஷின் சொன்ன பேச்சி கேக்கும்"னா.

உன் மாப்ள,
முருகையன்


கோயம்புத்தூர்
2-4-2004

அன்பு மாப்பிள்ளைக்கு,

எனக்குச் சம்மதமில்லை. ஆனால் எங்கள் மேலாளர், வந்த ஆர்டரைத் திருப்பி அனுப்பும் அளவுக்கு நாம் பெரிய ஆட்கள் இல்லை என்றார். இந்த வருஷம் நான் பிடித்த முதல் ஆர்டர் இது.

ஒன்று செய்கிறேன். குட்டிக்குள்ளேயே ஒரு கட்டுப்பாடு எழுதிவிடுகிறேன். இரண்டு பட்டனையும் ஒரே நேரத்தில், அரை நொடிக்குள் அமுக்க வேண்டும். ஒவ்வொரு முறை அடித்த பிறகும் இரண்டையும் விட்டுவிட்டு மறுபடி அமுக்க வேண்டும். இல்லாவிட்டால் பிரஸ் இறங்காது. இரண்டு மூளை பார்ப்பதற்கு இது ஈடாகாது. ஒன்றுமில்லாததற்கு இது எவ்வளவோ மேல்.

சித்திரைக்குப் பிறகு வந்து மாட்டித் தருகிறேன். பூர்ணிமாவுக்கு அம்மை போட்டு இறங்கியிருக்கிறது. இப்போது பரவாயில்லை.

அன்புடன்,
சந்திரமோகன்


குரும்பாபேட்
11-8-2004

அன்பு மச்சானுக்கு,

நீ மாட்டிட்டுப் போன பொட்டி பளபளன்னு இருக்குது. சொல்தாவே வந்து பாத்துட்டு "போம்"னாரு. நல்லா இருக்குதுன்னு அர்த்தமாம். எனக்கு அவரு சொல்ற எல்லாமே இருமறாப்பல கேக்குது.

ஒரு சங்கடம் மச்சான். எப்பிடி எழுதறதுன்னு ரெண்டு நாளா பேனாவ வெச்சிக்கினு ஒக்காந்திருக்கேன். அந்த அர செகண்டு எங்க பொம்பளைங்களுக்கு ஒத்து வரல. சின்னப்பொண்ணு அக்கா இருக்கு இல்ல, மொத பிரஸ்ல, நடவு நட்டு நட்டு அதுக்கு ஒரு தோள் தூக்க வராது. வலது கை போயி ஒக்காந்த பின்னாடிதான் இடது கை வரும். மிஷின் நிக்குது. மறுபடி ரெண்டையும் விட்டு அமுக்கணும். மறுபடி நிக்குது. அந்தக்கா மிஷினப் பாத்து, "ஏண்டி, நான் வந்துக்கினுதான இருக்கேன், ஒரு நிமிசம் பொறுக்க மாட்டியா, உன் மாமியாருக்கும் இப்பிடித்தான் நிப்பியா"ன்னு திட்டுது. எல்லாருக்கும் சிரிப்பு. மொதலாளிக்கு மட்டும் சிரிப்பு வரல.

கடிகாரத்தப் பாத்துக்கினே நின்னாரு. பழைய மிஷின்ல வந்த மூடி இதுல வரலன்னு சொல்லி, சம்பளத்துல புடிச்சிட்டாரு. "கை ஒத்து வராத ஆளு ஊட்ல இருக்கட்டும், எளசா வேற ஆளு வெச்சிக்கறேன்"ன்னுட்டாரு. சின்னப்பொண்ணு அக்கா என் காலப் புடிக்காத கொற. பாக்கியமும் ஊட்டுக்கு வந்து படுத்துக்கினா. இதெல்லாம் எதுக்கு நிக்குதுன்னு அவளுங்களுக்கு நான் சொல்லல. புது மிஷின், மொரண்டு புடிக்குது, பழகிடும்னு சொல்லி வெச்சிருக்கேன்.

அந்தக் கட்டுப்பாட்ட எடுத்துடு மச்சான். நான் பக்கத்துலயே நின்னு பாத்துக்கறேன். எல்லாம் பழகுன கை. உன்ன விட்டா நான் யாருகிட்ட கேப்பேன்.

உன் மாப்ள,
முருகையன்


கோயம்புத்தூர்
6-9-2004

அன்பு மாப்பிள்ளைக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். பாக்கியம் கட்டிக் கொடுத்த வஞ்சிர வறுவலைப் பேருந்திலேயே முடித்துவிட்டேன் என்று சொல். விழுப்புரம்கூடத் தாண்டவில்லை.

நீ பார்த்தாயே, அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டேன். இப்போது இரண்டு பட்டனும் அமுங்கியிருந்தால் போதும், பிரஸ் இறங்கும். எப்போது அமுங்கியது, நடுவில் விட்டார்களா என்றெல்லாம் அது பார்க்காது. எடுக்கும்போது என் கை கொஞ்சம் தயங்கியது. நீ பக்கத்தில் நின்று "ம்" என்றாய். யாரும் பட்டனில் துணி கட்டவோ குச்சி செருகவோ விடாதே. தீபாவளி கழித்து மொதலாளியிடம் நானே வந்து பேசி, அந்தத் தாய் வகையையே வாங்க வைக்கிறேன். அதுவரைக்கும்தான் இது.

அன்புடன்,
சந்திரமோகன்


குரும்பாபேட்
2-11-2004

மச்சான்,

ஆயுத பூச நல்லா நடந்துது. வருசா வருசம் பொம்பளைங்கதான் மிஷினத் தொடச்சி, கழுவி, பொட்டு வெப்பாங்க. இந்த வருசம் மொதலாளி ரெண்டு வாழமரம் கட்டுனாரு. பொரி, கடல, பூசணிக்கா எல்லாம் தாராளம். சொல்தாவும் வந்து சூடத்தத் தொட்டுக் கண்ல ஒத்திக்கினாரு. பாக்கியம் ஊட்ல இருந்தே சந்தனம் அரச்சி எடுத்துக்கினு வந்தா. கடைல விக்கற பவுடரு சாமிக்கு ஆவாதுன்னு, நல்லா கெட்டியா, வெண்ணயாட்டம். அவ மிஷினுக்கு அவளே வெச்சா. மேல, கீழ, பொட்டி மேல. நாள் முழுக்க கை படுற எடம்னு சொல்லி, அந்தப் பச்ச பட்டன் ரெண்டுலயும் குளிரக் குளிர வெச்சி, நடுவுல குங்குமம் வெச்சா. பூ வெச்ச மாதிரி இருந்துது. நான் பாத்துக்கினுதான் நின்னேன். அழகா இருக்குதுன்னுதான் நெனச்சேன்.

அப்புறம் கம்பெனி லீவு. சந்தனம் காஞ்சிட்டுது. காஞ்சி, பட்டனுக்கும் அந்த வளையத்துக்கும் நடுவுல எறங்கி, கல்லாட்டம் ஆயிட்டுது.

திங்கக்கெழம காத்தால வந்து ஒக்காந்தா. மொதத் தடவ ரெண்டு கையாலயும் அமுக்குனா, இடது பட்டன் உள்ள போனது போனதுதான், வரவே இல்ல. ரெண்டு கையாலயும் அடிக்கற வரைக்கும் அது யாருக்குத் தெரியும் மச்சான்? அடிச்சிக்கினே இருந்தா. சின்னப்பொண்ணு அக்கா என்னமோ கேலி பேசுச்சி, இவளும் பதில் சொன்னா. ஒரு தகடு கோணிக்கினு நின்னுது. இடது கைய உள்ள விட்டு அதச் சரி பண்ணா. வலது கை பழக்கத்துல பட்டன் மேல போயிட்டுது.

எல்லா பொம்பளைங்களும் கத்துனாங்க. இவ கத்தல. என்னப் பாத்தா.

கோரிமேட்டு ஆஸ்பத்திரில நல்லாத்தான் பாத்தாங்க. கட்ட விரல் இருக்குது. மத்த நாலும் இல்ல.

உனக்கு எப்பிடி எழுதறதுன்னு தெரியாம பூச கதய எழுதிட்டேன். கோச்சிக்காத.

முருகையன்


கோயம்புத்தூர்
10-11-2004

மாப்பிள்ளை,

உன் கடிதத்தை நான் முழுவதுமாக ஒரே மூச்சில் படிக்கவில்லை. படிக்க முடியவில்லை. பாதியில் எழுந்து போய் மொட்டை மாடியில் நின்றேன். வீட்டில் காரணம் கேட்கிறார்கள். தங்கச்சிக்கு உடம்பு சரியில்லை என்றேன்.

எங்கள் அலுவலகத்துக்கும் செய்தி வந்துவிட்டது. தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் விசாரிக்கிறாராம். விசாரணை முடியும்வரை புதுச்சேரிக்குப் போகக்கூடாது என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். முடிந்ததும் வருகிறேன். பாக்கியத்திடம் என்ன சொல்வது என்று யோசித்துப் பார்க்கிறேன். யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

சந்திரமோகன்


குரும்பாபேட்
18-1-2005

அன்பு மச்சானுக்கு,

பொங்கல் வந்துட்டுப் போச்சி. நாங்க வெக்கல. கடல் வந்துட்டுப் போனதுல இருந்து ஊரே ஒரு மாதிரி இருக்குது. கட்டுப் பிரிக்க ஆஸ்பத்திரிக்குப் போனா குருசுக்குப்பத்து ஜனம் அங்க வராண்டா முழுக்க. அந்தப் பொம்பளைங்களப் பாத்துட்டு பாக்கியம், "இவங்க இன்னா தப்பு பண்ணாங்க"ன்னு கேட்டா. அப்புறம் அவளே, "நான் பண்ணது எனக்குத் தெரியும்"னா.

அதத்தான் உனக்கு எழுதணும். பூச அன்னிக்கி ராத்திரி அவளுக்குத் தூரம் ஆயிட்டுது. ராத்திரிதான் பாத்தா. ஆனா, "காத்தாலயே ஆகியிருந்தா? தெரியாம தீட்டுக் கையால சந்தனம் வெச்சிட்டேன், அதான் சாமி கையவே எடுத்துக்கிச்சி"ன்னு சொல்றா. மொதல்ல பொலம்பறான்னு நெனச்சேன். இப்ப பொலம்பறதில்ல, சும்மா சொல்றா, இன்னிக்கி வெயில்னு சொல்றாப்பல. கோயில் பக்கம் போறதில்ல. கல்யாணத்துக்குப் போறதில்ல. சின்னப்பொண்ணு அக்கா பேத்திக்குத் தல வாரி விடச் சொல்லி இட்டுக்கினு வந்துது. "என் கை படக்கூடாது"ன்னு உள்ள போயிட்டா. மண்ணாங்கட்டி மாமா சம்சாரம் வேற வந்து, பரிகாரம் பண்ணுன்னு சொல்லி, அந்த நெனப்பு இன்னும் ஆழமா எறங்கிட்டுது. மொதலாளியும் இன்ஸ்பெக்டர்கிட்ட அதத்தான் சொல்லி இருக்காரு: "மிஷின் நல்ல மிஷின் சார், அந்தம்மா சந்தனம் வெச்சி கெடுத்துக்கிச்சி"ன்னு.

சோறு எறங்க மாட்டேங்குது மச்சான் அவளுக்கு. எலும்பா ஆயிட்டா. நாலு வெரல் போனதுல கூட அவ இப்பிடி ஆகல.

நீ அவளுக்கு ஒரு லெட்டர் போடு. உன் கையால. சந்தனம் வெச்சா கை போகாது, சரியான பொட்டியா இருந்தா அது பட்டன் மாட்டிக்கிச்சின்னு கண்டுபுடிச்சி நின்னு போயிருக்கும், இது சாமி குத்தம் இல்ல, பொட்டி தப்புன்னு எழுது. நீ இன்ஜினியரு, அண்ணன் சொன்னா நம்புவா. நான் சொன்னா, "உனக்கு இன்னா தெரியும், ஸ்பானர் புடிக்கற ஆளு"ன்னுடுவா. அந்தக் கட்டுப்பாட்ட எடுத்தது கிடுத்தது எல்லாம் எழுத வேணாம். அது அவளுக்குப் புரியாது. பொட்டி தப்புன்னு மட்டும் எழுது.

சீக்கிரம் போடு.

உன் மாப்ள,
முருகையன்


கோயம்புத்தூர்
7-2-2005

மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்த நாளிலிருந்து பாக்கியத்துக்கு எழுத உட்கார்ந்து, எழுந்து, உட்கார்ந்து கொண்டிருக்கிறேன். அன்புள்ள தங்கச்சிக்கு என்று எழுதிவிடுகிறேன். அதற்கு மேல் வரவில்லை.

பெட்டியின் தப்பு என்று எழுதச் சொல்கிறாய். பெட்டி என்ன தப்பு செய்தது? அதற்குள் நான் எழுதியிருந்தது இருந்திருந்தால், குட்டியாக இருந்தாலும் அது அன்று நின்றிருக்கும். முதல் மூடி அடித்ததுமே நின்றிருக்கும். அதை எடுத்தது நான். எடுக்கச் சொன்னது நீ. எடுத்ததை விட்டுவிட்டு எழுது என்கிறாய். அதை விட்டுவிட்டால் வேறு என்ன இருக்கிறது எழுத?

அது தவிர, வக்கீல் சொல்லிவிட்டார் என்று அலுவலகத்தில் என்னிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். இந்த விபத்து பற்றி நான் யாருக்கும் ஒரு வரிகூட எழுதக்கூடாது. எழுதினால் வேலை போகும். வேறு எங்கும் கிடைக்காது. பூர்ணிமா பள்ளிக்கூடம் சேர்ந்திருக்கிறாள். இந்தக் கடிதமே நான் எழுதியிருக்கக் கூடாது.

அவளிடம் சொல்ல வேண்டியது உனக்கு முழுவதும் தெரியும். நான் எழுதியதும், நீ கேட்டதும், எடுக்கும்போது நீ பக்கத்தில் நின்றதும். படிக்காதவன் சொன்னால் நம்ப மாட்டாள் என்று நீ சொல்வதை நான் நம்பவில்லை மாப்பிள்ளை. நீ பக்கத்தில் இருக்கிறாய். நீ சொல்.

என்னை மன்னிக்க வேண்டாம்.

சந்திரமோகன்


குரும்பாபேட்
21-4-2005

சந்திரமோகனுக்கு,

உன் லெட்டர மடிச்சி சட்டப் பையில வெச்சிக்கினே இத்தன நாள் வேலைக்குப் போயிக்கினு இருந்தேன். நீ சொல்றது ஞாயம். அந்த ஞாயத்த என் வாயால சொல்ல முடியல. சாயங்காலம் ஊட்டுக்குப் போவும்போது இன்னிக்கி சொல்லிடணும்னு போவேன். அவ தட்டுல சோத்தப் போட்டு வெச்சிட்டு செவுத்தப் பாத்து ஒக்காந்துக்கினு இருப்பா. மாட்டப் பத்தி பேசுவேன், மழயப் பத்தி பேசுவேன், படுத்துக்குவேன்.

இன்ஸ்பெக்டரு மூணு பிரஸ்ஸுக்கும் சீல் வெச்சிட்டாரு. சரியான சாமான் மாட்டுனாத்தான் தொறப்பேன்னுட்டாரு. மொதலாளி வேற வழி இல்லாம, அந்தத் தாயாட்டம் இருக்கறதயே வாங்கிட்டாரு, வேற கம்பெனில. அதே ரெண்டு மூள. மாட்ட வந்த பையன் பேரு இராமதாஸ், கடலூர்க்காரன். போன வாரம் ஓட்டிக் காட்டுனான். ஒரு பட்டன அமுக்கி, குச்சி வெச்சி முட்டுக் குடுத்துட்டு, இன்னொண்ண அமுக்குனான். மிஷின் அசையல. செவப்பு வெளக்கு எரியுது. இன்னொரு தடவ காட்டச் சொல்லிப் பாத்தேன். இத அவ கண்ணால பாக்கட்டும்னு தோணிட்டுது. சொல்லத்தான் வாய் வரல, காட்டவாவது காட்டலாம்னு. அத்தோட அவ மனசுல இருக்கற தீட்டு போயிடும், என்னப் பத்தின பேச்சு வராதுன்னும் நெனச்சேன். அதையும் எழுதிடறேன்.

மறுநாள் இட்டுக்கினு போனேன். வரமாட்டேன்னா. சின்னப்பொண்ணு அக்காவும் நானும் சேந்து இழுக்காத கொறயா இட்டுக்கினு போனோம். முந்தானைல கைய சுத்தி மறச்சிக்கினு நின்னா. இராமதாஸ் மறுபடியும் குச்சிய முட்டுக் குடுத்து அமுக்கிக் காட்டுனான். அசையல.

"நான் அமுக்கிப் பாக்கட்டா தம்பி?"ன்னா.

"அமுக்குங்கக்கா, ஒண்ணும் ஆவாது."

வலது கையால அமுக்குனா. அசையல. மறுபடி அமுக்குனா. நாங்க எல்லாம் பாத்துக்கினே நிக்கறோம், அவ அமுக்கிக்கினே இருக்கா. அப்புறம் கேட்டா.

"இந்த மாதிரி பொட்டி இப்பதான் கண்டுபுடிச்சாங்களா?"

"இல்லக்கா, ரொம்ப வருசமா இருக்குது. வெல கேட்டா ரெண்டயும் எழுதித்தான் குடுப்போம், எது வேணும்னு பாத்துக்கறது அவங்க இஷ்டம்."

அவ என்னப் பாத்துத் திரும்புனா. மத்தவங்க காதுல விழாம, மெதுவா.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"உனக்கு?"

தெரியும்னேன். வெளிய வந்துட்டா. ரோட்டோரமா நடந்தே வந்தோம், ரெண்டு மூணு பஸ் தாண்டிப் போச்சி, அவ ஏறல. அந்த நடைலதான் எல்லாத்தயும் சொன்னேன். குட்டிலயே நீ ஒரு கட்டுப்பாடு எழுதி வெச்சது, சின்னப்பொண்ணு அக்காவுக்குக் கை ஒத்து வராம போனது, நான் உனக்கு எழுதுனது. அவ நின்னா.

"மிஷின் மொரண்டு புடிக்குதுன்னு சொன்னியே, அதுவா?"

"அதுதான்."

"அது எதுக்கு நிக்குதுன்னு எங்கள்ல ஒருத்திகிட்ட சொல்லி இருந்தா, நாங்க ஏய்யா எடுக்கச் சொல்லப் போறோம்? கொஞ்சம் மெதுவா அடிச்சிக்கினு இருப்போமே."

அவ்வளவுதான் பேசுனா.

நேத்து வெள்ளிக்கெழம இல்ல, ஒண்ணும் இல்ல, சும்மா புதன்கெழம. காத்தால எழுந்து குளிச்சிட்டு அவளா கோயிலுக்குப் போயிட்டு வந்தா. வந்து ரெண்டு இட்லி தின்னா. சின்னப்பொண்ணு அக்கா பேத்திய மடில ஒக்கார வெச்சி, இருக்கற வெரல வெச்சிக்கினு தல வாரி விட்டா. நேரமாச்சி, ஆனா வாரி முடிச்சிட்டா. அந்தாண்ட நின்னு பாத்தேன். சாமிகிட்ட அவளுக்கு இனிமே ஒரு வழக்கும் இல்ல. அந்த மட்டும் நான் கேட்டது கெடச்சிட்டுது.

என்கிட்ட பேசறதில்ல. கேட்டா பதில் வருது, அவளா ஒரு வார்த்த வர்றதில்ல. நீ வந்தா இன்னா பண்றதுன்னு கேட்டேன், விசாரண முடிஞ்சி வருவன்னு எழுதி இருந்தியே. அவ சொன்னத அப்பிடியே எழுதறேன், ஒரு எழுத்து கூட்டல, கொறைக்கல:

"வந்தா ஒக்கார வெச்சி சோறு போடு. நான் பக்கத்து ஊட்ல இருந்துக்கறேன்."

நீ வர வேணாம்.

முருகையன்